கன் பிரிக்கத் தெரிந்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை கோயம்புத்தூரிலிருந்து ஒரு விற்பனையாளர் பட்டறைக்கு வந்தார். மேசையில் செய்தித்தாளை விரித்து, இரண்டு புது ஸ்ப்ரே கன்களை அருகருகே வைத்தார். ஒன்று, விசையை விட்டதும் காற்றை ஊதித் தன் வாயைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் வகை. இன்னொன்று, உள்ளே ஒரு கம்பி ஓடி நுரை மருந்தைத் துடைத்துத் தள்ளும் வகை. எடை என்ன, அழுத்தம் என்ன, நிமிடத்துக்கு எவ்வளவு தள்ளும் என்று பாடம் ஒப்பிப்பது போல் சொல்லிக்கொண்டே போனார். நான் ஒன்றைக் கையிலெடுத்துப் பக்கத்து மூடியைத் திருகினேன். உள்ளே புதிதாக அடைத்திருந்த வெள்ளை கிரீஸின் வாசம் மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

"எது வேணும் பாய்? சொன்னீங்கன்னா பில்லு போட்டுடலாம்" என்றார்.

"யோசிச்சு போன் பண்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

உங்கள் விரல் இடுக்குகளில் எப்போதும் அந்த வாசம்தான் இருக்கும். தூக்குவாளியைத் திறந்து சாப்பிட உட்காரும்போதுகூட, "சோப்புப் போட்டாலும் போவ மாட்டேங்குது தம்பி" என்று மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பீர்கள். நீங்கள் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. எழுதி வைக்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் பாதியை நீங்கள் என் வாயிலிருந்து நேரில் கேட்டிருக்க வேண்டும்.

வளைகுடாவில் ஒன்பது வருடம் இந்த வேலையைச் செய்துவிட்டு, அங்கே கழித்துப் போட்ட ஒரு பழைய மெஷினையும் ஒரு கன்னையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு நான் அதிராம்பட்டினம் திரும்பிய புதிது. உம்மாவுக்குக்கூட இது என்ன தொழில் என்று விளங்க வைக்க முடியவில்லை. சிவப்பு டிரம்மில் ஒரு மருந்து, நீல டிரம்மில் ஒரு மருந்து. இரண்டையும் சூடாக்கி, இரண்டு குழாயில் தனித்தனியாகக் கொண்டுவந்து, கன்னின் வாயில் சந்திக்க வைக்க வேண்டும். புகை மாதிரிப் பறந்து சுவரில் ஒட்டி, கண்மூடித் திறப்பதற்குள் நுரையாகப் பொங்கி இறுகிவிடும். அந்த நுரை உள்ளே இருக்கும் குளிரை வெளியே விடாது. ஐஸ் பேக்டரி, மீன் குளிர்கிடங்கு, இறால் கிடங்கு என்று கடற்கரை ஓரமெல்லாம் அப்போது வேலை கிடந்தது. கன்னின் வாய்க்கு முன்னாலேயே அந்த இரண்டும் சந்தித்துவிட்டால், உள்ளே கல்தான். அன்றைய வேலை போச்சு.

ஒரு ஐஸ் பேக்டரியில், தரையிலும் கதவிலும் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவதற்காகக் கூலிக்கு வந்த ஐந்து பெண்களில் நீங்கள் ஒருவர். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கேயிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தீர்கள். பத்து மணிக்கே கன் அடைத்துக்கொண்டது. எனக்கு அடிக்கத் தெரியும், பிரிக்கத் தெரியாது. வளைகுடாவில் அதற்கென்று தனி ஆள் இருந்தான். முடுக்கிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், ஆத்திரத்தில் மணலில் வீசினேன். நீங்கள் போய் அதை எடுத்து முந்தானையால் துடைத்தீர்கள்.

"இதுக்குப் பேரு என்ன தம்பி?"

"கன்னுக்கா."

"கன்னா? ஆட்டுக்கு இருக்கு குட்டி, மாட்டுக்கு இருக்கு கன்னு. இதுக்கு எது ஆத்தா?"

கூட வந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நீங்கள் நிழலில் உட்கார்ந்து, பழைய சேலைத் துணியை விரித்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் கழற்றிய வரிசையிலேயே வைத்தீர்கள். நாற்று பறித்துப் பறித்துப் பழகிய விரல்கள். கண்ணுக்குத் தெரியாத ரப்பர் வளையத்தைக்கூடக் கிழிக்காமல் எடுத்தன. மருந்து வந்து சேரும் இரண்டு துளைகளையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தீர்கள். "சிவப்புக்காரன் நீலக்காரன் வூட்டுக்குள்ள பூந்திருக்கான். அங்கயே கட்டிப் போயிட்டான்" என்றீர்கள். என் பெட்டியில் கிடந்த மயிரிழை போன்ற துளையாணியை விரலால் உருட்டி உருட்டி அதைக் குடைந்து எடுத்தீர்கள். மதியத்துக்குள் கன் ஓடியது. மறுநாளிலிருந்து நீங்கள் பிளாஸ்டிக் தாள் ஒட்டவில்லை.

அதற்குப் பிறகு நான்கு வருடம், என் கன்னை உங்களைத் தவிர யாரும் பிரித்ததில்லை. காலையில் சல்லடைகளைக் கழற்றிக் கழுவுவீர்கள். துளையைக் குடைவீர்கள், ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்ப்பீர்கள். வேலை முடிந்ததும் கன்னைக் காற்றால் ஊதி, கழுவுமருந்தில் அலசி, வாய் நிறைய கிரீஸ் அடைத்து மூடிவைப்பீர்கள். ஊதும்போது மருந்து பூந்தூறலாக உங்கள் முகத்தைச் சுற்றிப் பறக்கும். அதை நான் தினமும் பார்த்தேன்.

நீங்கள் ஏன் அத்தனை தூரம் கூலிக்கு வந்தீர்கள் என்பதைப் போகப்போகத்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் அப்பா காலத்தில் மிராசுதாரை எதிர்த்து நின்று, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய், கடைசியில் சர்க்காரிடமிருந்து பட்டாவோடு கிடைத்தது ஒரு ஏக்கர். அதில் உங்கள் கல்யாணம் வரைக்கும் இரண்டு போகம் விளைந்தது. பிறகு பக்கத்து நிலங்களை யார் யார் பெயரிலோ வாங்கி, ஒரே ஆள் இறால் குட்டை வெட்டினார். கடல் தண்ணீரை வாய்க்கால் வழியாக உள்ளே கொண்டுவந்தார். இரண்டாம் வருடம் உங்கள் கிணறு கரித்தது. மூன்றாம் வருடம் நட்ட பயிர் நுனி கருகிப் போனது. தெருவே சேர்ந்து தாசில்தாருக்கு மனுக் கொடுத்தீர்கள், ஜமாபந்தியில் கொடுத்தீர்கள். ஆட்சி மாறியதும் புது அமைச்சர் வந்த கூட்டத்தில் காரை மறித்தும் கொடுத்தீர்கள்.

"இவங்க வந்தா அவங்களச் சொல்றாங்க, அவங்க வந்தா இவங்களச் சொல்றாங்க தம்பி. குட்டைக்காரன் மட்டும் ரெண்டு பேரு கலியாணத்துக்கும் போயி முன் வரிசையில உக்காந்துடுறான்" என்று ஒருநாள் சல்லடையைக் கழுவிக்கொண்டே சொன்னீர்கள். கோபமாகச் சொன்னது போலவே இல்லை. உப்பு ஏறிய நிலத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் உங்கள் குரல் தாழ்ந்துவிடும், நோயாளி பக்கத்தில் படுத்திருப்பது போல.

வேலை பெருகியபோது, கொஞ்சம் கையிருப்புச் சேர்ந்தது. ஏதாவது ஒன்று வாங்கலாம் என்ற நிலை. நான் உங்களிடம் யோசனை கேட்டேன்.

"அக்கா, இன்னொரு கன் வாங்கலாமா, இன்னொரு மாஸ்க் வாங்கலாமா?"

நம்மிடம் வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் முகமூடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, வளைகுடாவிலிருந்து நான் கொண்டுவந்தது. அடிக்கிறவன் என்பதால் அதை நான் போட்டுக்கொள்வேன். நீங்கள் உங்கள் வீட்டுக்காரர், மச்சானுடைய பழைய துண்டை நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வீர்கள்.

"மாஸ்க்கு எதுக்குத் தம்பி? கன்னே வாங்குங்க. ஒண்ணு அடைச்சாலும் இன்னொண்ணு ஓடும்ல? ஆனா இந்தக் கம்பி ஓடுற வகை வேணாம். அத கழட்டுறதுக்கே தனி சாமான் வேணும். காத்து ஊதுறதே வாங்குங்க, கையாலயே பிரிச்சிடலாம்."

நீங்கள் சொன்னது ஒரு கன் பராமரிப்பாளர் சொல்லக்கூடிய மிகச் சரியான பதில். கன் வாங்கும்போது எல்லோரும் அது எப்படி அடிக்கும் என்று பார்ப்பார்கள். எவ்வளவு சுலபமாகப் பிரியும் என்று பார்த்தது நீங்கள்தான். இன்றுவரை அந்தக் கணக்கில்தான் நான் கன் வாங்குகிறேன். ஆனால் முகமூடியைப் பற்றிய அந்தக் கேள்வியை நான் உங்களிடம் கேட்டிருக்கவே கூடாது. உங்களுக்கு அந்த மருந்து என்ன செய்யும் என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

வளைகுடாவில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த மலையாளி ஒருவன் இருந்தான். ஏழெட்டு மாதம் லேசான இருமல். பிறகு வேலைக்கு வந்தால் மூச்சு அடைக்கும், விடுமுறை நாளில் சரியாகிவிடும். ஒருநாள் டிரம்மின் மூடியைத் திறந்ததற்கே உதடு நீலம் பாய்ந்து விழுந்தான். அங்கிருந்த மேற்பார்வையாளர் அவனை அடுத்த விமானத்திலேயே ஊருக்கு அனுப்பினார். எங்களை நிற்க வைத்து, "சிவப்பு டிரம்மை ஒருத்தன் உடம்பு ஒருதடவை வேண்டாம்னு சொல்லிடுச்சுன்னா முடிஞ்சுது. அப்புறம் ஒரு மூச்சு போனாலும் ஆபத்து. எந்த வைத்தியமும் அதை மாத்தாது" என்றார். அந்தப் பேச்சு என் காதில் அப்படியே இருந்தது, அக்கா. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

உங்களுக்கு இருமல் வந்தது ஒரு மார்கழியில். பனி என்றீர்கள். தை போனது, மாசி போனது. பங்குனி வெயிலில், பட்டறை வாசலில் உட்கார்ந்து நீங்கள் சொன்னதை நான் எத்தனையோ முறை எனக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

"ஒரு சங்கதி கவனிச்சீங்களா தம்பி? வேலைக்கு வராத நாள்ல நல்லாத்தான் இருக்கேன். இங்க வந்துட்டுப் போனா சாயங்காலம் நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி அடைக்குது. இந்த மருந்துதானோ?"

"பஸ்ஸுல வர்ற தூசுக்கா" என்றேன்.

ஒரு நொடி என்னைப் பார்த்தீர்கள். "இருக்கும்" என்றீர்கள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கையில் மூன்று கிடங்கு வேலை இருந்தது. உங்களை விட்டால் கன் பிரிக்க ஆள் இல்லை. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் எழுதும்போது எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு மச்சான் உங்களைக் கூட்டிப் போனார். அங்கிருந்த டாக்டர் நல்லவர். என்ன வேலை என்று விசாரித்து, அந்த வேலைக்கு இனிப் போகவே கூடாது என்று சொல்லி, டிரம்மில் எழுதியிருக்கும் மருந்தின் பெயரை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். "இங்கிலீஷ்ல நீளமா இருக்குக்கா, நாளைக்கு எழுதித் தர்றேன்" என்றேன். அந்த நாளை வரவே இல்லை. எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதம் எனக்கு எதிராகப் பேசும் என்று பயந்தேன்.

நீங்களே வேலையை விட்டு நின்றுகொண்டீர்கள். சண்டை இல்லை. துளையாணிகளையெல்லாம் எண்ணெய்த் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "சல்லடைய மட்டும் ஒருநாளும் மறந்துடாதீங்க" என்று சொல்லிப் பஸ் ஏறினீர்கள். வேலையை விட்ட பிறகு உடம்பு தேறிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அந்த வருடம்தான் உங்கள் தெருக்காரர்கள் உப்பு வாய்க்கால் கரையில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். வாய்க்காலை மூடும்வரை எழுந்திருப்பதில்லை என்று பெண்கள் முறை வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். போலீஸ் வந்து பந்தலைப் பிரித்தது. மறுநாள் வெயிலிலேயே உட்கார்ந்தீர்கள். எல்லாமே எனக்குத் தெரியும்.

தெரிந்துகொண்டேதான், அந்தக் குட்டைக்காரர் கடற்கரைச் சாலையில் கட்டிய பெரிய இறால் கிடங்குக்கு நுரை அடிக்கும் வேலையை ஒப்புக்கொண்டேன்.

நான்கு சுவரில் இரண்டை முடித்திருந்தேன். புதிதாகச் சேர்த்த ஆள் இரண்டு கன்னையும் ஒழுங்காகக் கழுவவில்லை. ஒன்று கல்லாகிவிட்டது. மற்றது அடித்தால் நுரை கறுத்துப் போய், தொட்டால் அப்பளம் போல் நொறுங்கியது. குளிரூட்டும் எந்திரங்கள் லாரியில் வந்து வாசலில் நின்றன. நாளைக்குள் முடியாவிட்டால் கோயம்புத்தூர் ஆட்களைக் கூப்பிடுவேன் என்றார் கிடங்கு மேலாளர். நான் பைக்கை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க தம்பி, உம்மா எப்படி இருக்காங்க?" என்றுதான் முதலில் கேட்டீர்கள்.

"ஒரு மணி நேரம் வந்துட்டுப் போங்கக்கா. கன் மட்டும் பிரிச்சுப் பார்த்தாப் போதும். வெளியில நிழல்லதான்."

"எந்த இடம்?"

"கடற்கரை ரோட்டுல ஒரு ஐஸ் பேக்டரி."

நீங்கள் மச்சானைப் பார்த்தீர்கள். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "யோசிச்சுக்கிட்டு வர்றேன், நீங்க முன்னாடி போங்க. பைக்குல தூசு ஒத்துக்காது, வந்தா பஸ்ஸுல வர்றேன்" என்றீர்கள். நான் திரும்பிவிட்டேன். வருவீர்கள் என்று எனக்கு நிச்சயமில்லை.

மதியம் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தீர்கள். கிடங்கு வாசலில் நின்ற வெள்ளை வண்டிகளையும், பெயர்ப்பலகையையும் பார்த்து நின்றுவிட்டீர்கள்.

"இது அவன் கட்டடமா தம்பி?"

"ஆமாக்கா."

நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். சாலையைத் திரும்பிப் பார்த்தீர்கள். அடுத்த பஸ் நான்கு மணிக்குத்தான். "வந்தது உங்களுக்காக. இவனுக்காக இல்ல" என்று சொல்லிவிட்டு, லாரி நிழலில் உட்கார்ந்து கையை நீட்டினீர்கள். நான் கன்னைக் கொடுத்தேன்.

கல்லானதை ஓரமாக ஒதுக்கிவிட்டு மற்றதைப் பிரித்தீர்கள். வளையம் மாற்றினீர்கள், துளையைக் குடைந்தீர்கள். உள்ளே கொண்டுபோய் அடித்தேன், நுரை அப்படியே நொறுங்கியது. மறுபடி கொண்டுவந்தேன். இரண்டாம் முறையும் அதேதான். "சுவத்துல எப்படி விழுதுன்னு பார்த்தாத்தான் எனக்குத் தெரியும். குழாய வெளியில இழுத்தாங்க தம்பி, இங்க அட்டையில அடிச்சுப் பார்ப்போம்" என்றீர்கள்.

குழாயைச் சுருட்டி வெளியே இழுக்க அரை மணி நேரம் ஆகும்.

"உள்ளயே வந்து ஒரு பார்வை பாருங்கக்கா. ஒரு நிமிஷம்" என்றேன்.

நீங்கள் துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தீர்கள். ஜன்னல் இல்லாத அறை. காலையிலிருந்து அடித்த மருந்து மூடுபனி போல் அங்கேயே நின்றது. நான் முகமூடிக்குள் சுத்தமான காற்றைச் சுவாசித்துக்கொண்டு அடித்தேன். நீங்கள் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். ஒரு நிமிடம் இல்லை, கால் மணி நேரம் இருக்கும். இருமிக்கொண்டே நீலப் பக்கத்துச் சல்லடையைக் கழற்றிக் காட்டினீர்கள். பிசின் படிந்து முழுக்க அடைந்திருந்தது. நீலம் குறைந்து சிவப்பு மட்டும் அதிகமாகப் போயிருக்கிறது. "இதைத்தானே மறக்காதீங்கன்னு சொன்னேன்" என்றீர்கள். அங்கேயே சல்லடையை மாற்றி மாட்டி, நான் அடித்துக் காட்டிய நுரை வெளுத்து, மெத்தென்று பொங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போனீர்கள்.

அந்தக் கால் மணி நேரத்தில் ஒருமுறை, முகமூடியைக் கழற்றி உங்களுக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது. தோன்றவே இல்லை என்றால்கூடப் பரவாயில்லை. தோன்றியது. நான் கொடுக்கவில்லை.

வாசலில் வெகுநேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். தண்ணீர் கொடுத்தேன். "இனிமே கூப்பிடாதீங்க தம்பி" என்றீர்கள். நான்கு மணி பஸ்ஸில் ஏறினீர்கள். நான் மூன்றாவது சுவரை அடிக்க உள்ளே போனேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு உங்களுக்கு மூச்சு அடைத்தது. கார் பிடித்துத் திருத்துறைப்பூண்டி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அந்த மருந்து அப்படித்தான் செய்யும். சில மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, பிறகு வந்து பிடிக்கும்.

மறுநாள் வந்தேன். வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் உங்கள் வாசலில் இருந்தார்கள். உங்கள் மேல் விவசாய சங்கக் கொடியைப் போர்த்தியிருந்தார்கள். இறால் குட்டை நாற்றமும் உப்புக் காற்றும்தான் கொன்றது என்று ஒருவர் பேசினார். அதைக் கேட்டு அழுதார்கள். மச்சான் மட்டும் யார் சொன்னதையும் கேட்கவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"என் பீடிதாங்க. வூட்டுக்குள்ள ஊதாதீங்க ஊதாதீங்கன்னு கெஞ்சுனா. நான்தாங்க கொன்னுட்டேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டும் அதையே சொன்னார். உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. "அல்லாஹ் நாடுனது மச்சான், நாம என்ன செய்ய முடியும்" என்றேன். அவர் தலையாட்டினார். என்னை நம்பினார்.

அந்த வாய்க்காலை மூடும்படி பிறகு உத்தரவு வந்தது. பாதி மூடினார்கள். சில குட்டைகள் கைமாறின. உங்கள் ஒரு ஏக்கரில் இப்போதும் கோரைதான். கிடங்கு மட்டும் நன்றாக ஓடுகிறது. நீங்கள் சரிசெய்து கொடுத்த கன்னால் அடித்த அந்த இரண்டு சுவரிலும் இன்றுவரை ஒரு விரிசல் இல்லை.

வருடத்துக்கு ஒருமுறையாவது மச்சானைப் போய்ப் பார்ப்பேன். அவர் அன்றோடு பீடியை விட்டுவிட்டார். ஆனால் பேரப்பிள்ளைகள் கிட்டே வந்தால் இன்னமும் எழுந்து நகர்ந்துவிடுவார். தன் மூச்சு அவர்கள் மேல் படக்கூடாது என்பார். மகள் எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். பந்தியில் உட்கார மாட்டார். நல்லது கெட்டதுக்குப் போனாலும் வெளியே நின்றுவிட்டு வந்துவிடுவார். ஒரு மனிதர் தன் வீட்டிலேயே ஒதுங்கி ஒதுங்கி, நான் செய்ததற்குப் பதினாறு வருடம் தண்டனை அனுபவித்தார். நான் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துவிட்டு, அவர் மகள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன் என் பட்டறையில் ஒருவனுக்கு இருமல் வந்தது. லீவு நாளில் சரியாகிவிடுகிறது என்றான். அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தி, மருந்தின் பெயரைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து டாக்டரிடம் அனுப்பினேன். இப்போது கழுவுகிற ஆளுக்கும் காற்றுக்குழாய் வைத்த முகமூடி இருக்கிறது. அதைச் சொல்லி நல்ல பேர் வாங்க எனக்கு வாய் இல்லை. "எப்படி பாய் உடனே கண்டுபிடிச்சீங்க?" என்று அவன் கேட்டான். அடுத்த பஸ்ஸில் ஏறி மச்சானிடம் போனேன்.

மாட்டுக்கொட்டகைப் பக்கம் கயிற்றுக்கட்டிலில் தனியாக இருந்தார். எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மலையாளியைச் சொன்னேன், எழுதிக் கொடுக்காத காகிதத்தைச் சொன்னேன், யாருடைய கிடங்கு என்பதைச் சொன்னேன். அவர் கண் சரியாகத் தெரியாததால் என் குரல் வந்த பக்கம் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப, பீடி இல்லையா?"

"இல்ல மச்சான். மருந்துதான்."

"உள்ள கூட்டிட்டுப் போனப்ப அவ மூஞ்சியில என்ன இருந்துச்சு?" என்றார்.

"நனைச்ச துண்டு."

"உங்க மூஞ்சியில?"

"மாஸ்க்" என்றேன்.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்றும் விரும்பினேன். பதினாறு வருடம் அவர் தலையில் கிடந்த பாரத்தை இறக்கி என் தலையில் வைத்துக்கொள்ளத்தான் போயிருந்தேன். அவ்வளவு தாமதமாகவாவது அது நடக்கும் என்று நம்பினேன்.

அவர் கட்டிலின் கயிற்றை விரலால் நெருடிக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் சொல்வது போலவே இல்லாமல் சொன்னார்.

"அன்னிக்கு அவ போக மாட்டேன்னுதான் சொன்னா. டாக்டரு வேணாம்னு சொல்லிட்டாரு, நான் போவலன்னா. நான்தான்... அந்தப் புள்ள இவ்வளவு தூரம் வந்து கூப்புட்டுட்டுப் போவுது, முகத்த முறிக்காத, போயிட்டு வந்துடுன்னேன். நான்தான் ரோடு வரைக்கும் வந்து பஸ்ஸு ஏத்திவிட்டேன்."

அக்கா, உங்கள் மகள் உள்ளேயிருந்து டீ எடுத்துக்கொண்டு வந்தாள். மச்சான் கையை அசைத்து அவளைத் திருப்பி அனுப்பினார். இனி அந்த வாசலுக்கு நான் வர வேண்டாம் என்பதை அந்தக் கை சொன்னது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

உங்கள் ஊருக்கு இனி நான் வர முடியாது. உங்களிடம் பேச எனக்கு இந்தத் தாள்தான் மிச்சம். பீடியின் பழியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அதன் இடத்தில் நான் வைத்துவிட்டு வந்ததை வாங்கிக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.